மீன் வண்டியின் கடைசி வரி

பாதை திரும்பும் இடத்தில் வண்டி ஸ்பீக்கரில் அந்தக் குரல் கேட்டதும் அம்மா தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். வண்டி மீன் விற்கிறதா, மரக்கறி விற்கிறதா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. அட்டன் குளிருக்குச் சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு வாசல் கேட்டைப் பிடித்தபடி நிற்பார். வண்டி எங்கள் வீட்டைத் தாண்டி, அந்தக் குரல் கடைசி வரியையும் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்பார். பிறகு ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட வாங்காமல் திரும்பி வந்து, "சொல்லிட்டான்" என்று எனக்கு அறிவித்துவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடிப்பார். இன்று காலையும் அப்படித்தான் எழுந்து போனார். ஆனால் போனவர் திரும்பி வரக் காணோம். அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் என் அக்காவின் கணவர், என் மச்சான்.

மச்சான் கொட்டகலை பஜாரில் சவுண்ட் செட் வாடகைக்கு விடுபவர். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட வந்தவர், அக்காவின் மனதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா அப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தார். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். தோட்டத்தில் பாதிப் பேர் அம்மா மடியில் தூங்கியவர்கள்தான். அப்படிப்பட்டவர் மூத்த மகளுக்குத் தோட்ட ஆபீசில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். கடைசியில் கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், அதோடு சரி. அன்றிலிருந்து மச்சானிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. மச்சான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா அக்காவைப் பார்த்து, "அந்த ஆளுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்பார். ஊரையே கூட்டுகிற மச்சானும் அம்மாவுக்கு முன்னால் தலையை ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்வார். "மைக்கு முன்னாடி எனக்குப் பயமே இல்ல. ஒங்கம்மா முன்னாடி ஒக்காந்தா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இன்னொரு நாள், சிரிக்காமல், "ஒரு தடவ மருமகன்னு சொல்லிட்டாங்கன்னா போதும். எனக்கு வேற ஒன்னும் வேணாம்" என்றார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அம்மாமேல் கோபமும் வந்தது.

இதற்கு நடுவில்தான் மீன் வந்தது. கடற்கரையிலிருந்து லொறியில் மீன் கொண்டுவரும் சிங்கள வியாபாரி ஒருவர் மச்சானுக்குப் பழக்கம். தமிழ் தெரியாதவர், தோட்டங்களுக்குள் கூவி விற்க ஒரு தமிழ்க் குரல் வேண்டும் என்று கேட்டார். மச்சான் ஒரு மழை நாளில் கடைக்குள் உட்கார்ந்து பேசிப் பதிந்து கொடுத்தார். "அம்மாமாரே, அக்காமாரே, மலையேறி வந்திருக்கு கடல்! பாத்திரத்த எடுத்துக்கிட்டு மெதுவா வாங்க. படி வழுக்கும், ஓடாதீங்க. மீன் எங்கேயும் போகாது." அவ்வளவுதான். அது போன் வழியாக ஒரு வியாபாரியிடமிருந்து இன்னொரு வியாபாரிக்குத் தாவி, கொத்மலையிலிருந்து பொல்பிட்டிய வரை பரவிவிட்டது. மொழி தெரியாத ஒருவர் அதையே போட்டுக்கொண்டு பெட்ஷீட் விற்கப் போனார். சட்டியும் கையுமாகப் படியிறங்கி வந்த பெண்கள் பூப்போட்ட போர்வைகளைப் பார்த்து அவரைத் திட்டித் தீர்த்தார்களாம். அவரோ, வியாபாரம் களைகட்டிவிட்டது என்று நினைத்துக் கும்பிட்டாராம்.

கொத்மலைப் பக்கம் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கும் அந்த மீன் லொறி வரும். அம்மாவுக்கு அந்தக் குரல் என்றால் உயிர். 'ஓடாதீங்க' என்ற இடத்தில் உருகிப்போவார். "காசு வாங்குறவன் ஓடி வா ஓடி வான்னுதான் கத்துவான். இந்தப் புள்ள வழுக்கும்னு சொல்லுது பாரு. எந்த மகராசி பெத்தாளோ" என்பார். அக்கா ஒருமுறை பொறுக்கமாட்டாமல், "அம்மா, அது அவரு கொரல்தான்" என்று சொல்லிவிட்டாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "போடி. அந்த ஆளு வாயில கொழுக்கட்டையில்ல இருக்கு. அதுவா இப்படிப் பேசும்?" என்றார். மச்சான் அதைக் கேட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

கொட்டகலையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கலைவிழா நடத்தினோம். யாரிடமும் கையேந்தாமல், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து நடத்திய விழா. படம் வரைகிறவர்கள், பாட்டுக் கட்டுகிறவர்கள், குறும்படம் எடுப்பவர்கள் என்று எல்லாரும் வந்தார்கள். சவுண்ட் மச்சானுடையது, உறவுக்காரர் என்பதால் வாடகை கிடையாது. பிற்பகலில் பதிப்புரிமை பற்றி ஒரு பேச்சு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெண் சட்டத்தரணி பேசினார். நம் படைப்பைப் பூட்டி வைக்காமல், இன்ன இன்ன நிபந்தனைக்கு எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நாமே முன்கூட்டி அனுமதி கொடுக்கும் திறந்த உரிமம்தான் தலைப்பு. இந்தத் தலைப்புக்கு யார் வருவார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நல்ல வேளையாக மழை பிடித்துக்கொண்டது, பஜாரில் நின்றவர்களெல்லாம் மண்டபத்துக்குள் வந்துவிட்டார்கள்.

பேச்சு முடிந்து கேள்வி நேரம். பாட்டுக்காரர்கள் திருட்டைப் பற்றிக் காரசாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து, ஸ்பீக்கரிலேயே, "மீன் வண்டிக்கும் இது பொருந்துங்களா, மேடம்?" என்று ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. சட்டத்தரணி சிரிக்கவில்லை, விவரம் கேட்டார். மச்சான் தன் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். 'மலையேறி வந்திருக்கு கடல்' என்று வந்ததுதான் தாமதம், மண்டபமே எழுந்துகொண்டது. "எங்க தோட்டத்துக்கும் வருது!" "எங்களுக்கும்!" "ஐயோ, இது நீங்களாண்ணே?" என்று நாலா பக்கமும் குரல்கள். அத்தனை பேருக்கும் தெரிந்த குரல், ஆளைத்தான் ஒருவருக்கும் தெரியாது. மச்சான் வெட்கத்தில் சவுண்ட் மிக்ஸருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அது உங்கட குரல், நீங்கள் பதிஞ்சது. எல்லாரும் பாவிக்கலாம், தேவைக்கு மாத்தலாம் எண்டு நீங்கள் சொல்லலாம். ஆனா ஆர் தந்தது எண்டதை அவை சொல்ல வேணும். அதை எப்பிடிச் சொல்ல வேணும் எண்டது உங்கட விருப்பம்" என்றார் சட்டத்தரணி. பிறகு எச்சரிப்பதுபோல, "ஒருக்காக் குடுத்தால் திருப்பி எடுக்கேலாது. யோசிச்சுக் குடுங்கோ" என்றார்.

"பொண்ணு குடுத்த மாதிரிங்களா?" என்றார் மச்சான். மண்டபம் அதிர்ந்தது. அக்கா மட்டும் முறைத்தாள்.

"எப்படி வேணும்னாலும் சொல்லச் சொல்லலாமா? பேருதான் சொல்லணும்னு இல்லீங்களே?" என்று மச்சான் மறுபடியும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். புனைபெயரும் போடலாம் என்று பதில் வந்தது. அன்று மாலை கூட்டம் கலைந்ததும், தகரத்தில் மழை விழுந்துகொண்டிருக்க, அதே வார்த்தைகளைப் புதிதாகப் பதிவு செய்தார். முடிவில் ஒரு வரி சேர்த்தார். "இது பிள்ளைக்காம்பரா அம்மாவோட மருமகன் கொரலுங்க. யாரு வேணும்னாலும் எடுத்துக்குங்க, மாத்திக்குங்க. இந்த வரிய மட்டும் விட்டுறாதீங்க." உலகத்தில் எத்தனையோ பேர் தங்கள் பெயருக்காக உரிமம் எழுதியிருப்பார்கள். மாமியார் பெயருக்காக எழுதியவர் என் மச்சான் ஒருவராகத்தான் இருக்கும்.

அந்தப் புதிய பதிவோடு மீன் லொறி அடுத்த முறை எங்கள் லயத்துக்கு வந்தபோது நானும் அக்காவும் அங்கே இருந்தோம். மச்சான் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று காலி வாளியோடு நழுவிவிட்டார். அம்மா சட்டியோடு முதல் ஆளாக நின்றார். வழக்கமான வார்த்தைகள் வந்தன, வழக்கம்போல உருகினார். அதற்குப் பிறகு அந்த வரி வந்தது. லயமே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா வியாபாரியிடம் சிங்களத்தில் திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும் கேட்டார். அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வியாபாரி மீனை வெட்டி, தலையை ஒரு பக்கமாகத் தள்ளினார். அம்மா சட்டென்று தமிழுக்குத் தாவினார். "எங்க மருமகன் கொரல்ல வித்துக்கிட்டு தலைய நீ எடுத்துக்குவியா? போடு அதையும்!" என்றார். தமிழ் புரியாவிட்டாலும் வியாபாரிக்கு விஷயம் புரிந்தது, தலை சட்டிக்குள் விழுந்தது. இலவசம் என்று உலகுக்கே எழுதிக் கொடுத்த உரிமத்துக்கு அம்மா கூலி வாங்கிவிட்டார்.

பகல் சாப்பாட்டில் அந்தத் தலை மச்சானின் தட்டில் இருந்தது. மனிதர் ஆனந்தத்தில் அவசர அவசரமாக அள்ளி, முள் சிக்கி இருமினார். அம்மா தண்ணீர்ச் செம்பை அக்காவிடம் நீட்டப் போனவர், கையை இழுத்துக்கொண்டு அவர் பக்கமே வைத்தார். "மெதுவா சாப்பிடுங்க. மீன் எங்கேயும் போகாது" என்றார். அம்மா அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். மச்சான் இருமியபடியே அழுதார், அழுதபடியே சிரித்தார்.

இப்போது அம்மா என்னோடு அட்டனில் இருக்கிறார். குரல் மீனோடு நிற்கவில்லை. மரக்கறி, கதிரை, வாளி என்று அவரவர் சரக்கைச் செருகிக்கொள்கிறார்கள், பெட்ஷீட்காரர் உட்பட. கடைசி வரியை மட்டும் பெரும்பாலும் யாரும் விடுவதில்லை. விட்டால் என்ன ஆகும் என்பதை இன்று காலைதான் பார்த்தேன். போனவரைக் காணோமே என்று நான் கேட்டுக்கு ஓடினேன். புதிதாக வந்த ஒரு வாளி வண்டியை மறித்துக்கொண்டு அம்மா நடுப்பாதையில் நின்றார். பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரப் பையன் அந்த வரியை வெட்டிவிட்டிருக்கிறான். அவன் எதுவும் புரியாமல் ஸ்பீக்கரை நிறுத்தினான். அம்மா சால்வையைச் சரிசெய்துகொண்டு, பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, விட்டுப்போன வரியைத் தானே சொன்னார்.

"இது எங்க மருமகன் கொரலுங்க. யாரு வேணும்னாலும் எடுத்துக்குங்க."