வசூல் நோட்டின் முதல் வரி

புத்தூரில் நாங்கள் நாடகம் போடும் சின்ன அரங்கத்தை வாடகை பாக்கிக்காக மூடும் நிலை வந்தபோது, வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான்தான். பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரியில் பெரிய தொகை இருந்தால்தான் அடுத்தவர் கை தாராளமாக நீளும். வசூலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. அதனால் என் பெயரை எழுதி, பக்கத்தில் பத்தாயிரம் என்று போட்டேன். பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை.

அரங்கத்தைப் பெருக்கும் அக்கா அந்த வரியைப் பார்த்துவிட்டு, "நீங்களே இவ்வளவு குடுத்திருக்கீங்க, நான் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று முந்தானையில் முடிந்திருந்த இருநூறு ரூபாயை நீட்டினார். வெட்கங்கெட்டவன், வாங்கி எழுதிக்கொண்டேன்.

அரங்கம் பிழைத்தது. நோட்டில் இருந்த வரிசைப்படியே பெயர்களை வெட்டி, வாசல் சுவரில் கல் பதித்தார்கள். ஆயிரத்துக்குக் கீழே கொடுத்தவர்களுக்கு அதில் இடமில்லை. முதல் பெயர் என்னுடையது.

தினமும் காலையில் அந்தக் கல்லைத் துடைப்பது அந்த அக்காதான். நேற்று என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க பேரு மேல புறா எச்சம் போட்டிருந்துச்சு சார். தேய்ச்சுக் கழுவிட்டேன். இப்ப பளிச்சுனு தெரியுது, பாருங்க."