எங்கள் வீட்டு வைஃபைக்கு ஒரு பட்டியல்

"உங்க வீட்டு நெட்ட நம்பி வேலைய குடுக்கலாமாம்மா?" என்று சிதம்பரம் அலுவலகத்தில் மேலாளர் கேட்டார். கடலூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று நான்தான் கேட்டிருந்தேன். ஒரு மாதம் பார்ப்போம், இணைப்பு அடிக்கடி அறுந்தால் தினமும் பஸ் ஏறி வந்துவிட வேண்டும் என்றார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "நம்பலாம் சார்" என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே.

முதல் வாரமே காணொளிக் கூட்டத்தில் இரண்டு முறை என் முகம் உறைந்து நின்றது. ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் பதினேழு கருவிகள். எங்கள் வீட்டில் இருப்பவை நான்கு. மீதி எல்லாம் அப்பாவின் உபயம். வந்தவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுக்கும்போதே பாஸ்வேர்டையும் சொல்லிவிடுவார். மாற்றினேன். புதியதையும் அன்றே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போட்டுவிட்டார்.

"கேக்குறவுங்ககிட்ட இல்லன்னு சொல்ல சொல்றியா?"

"அப்புறம் நான் தெனம் சிதம்பரம் போவணும்ப்பா."

"போயேன். பஸ்ஸா இல்ல?"

ரவுட்டரிலேயே ஒரு பட்டியல் போட்டேன். ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. நான் பதிந்த எண்கள் மட்டுமே உள்ளே வரலாம். பாஸ்வேர்டு தெரிந்தாலும் பயனில்லை. மாலைக்குள் அடுத்த தெரு அத்தை வந்துவிட்டார்.

"நாலு எழுத்து படிச்சதும் சொந்தத்துக்கே பூட்டு போடுறா பாரு தம்பி, ஒம் பொண்ணு!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பட்டியலைத் தொடவில்லை.

மறுநாள் காலை பார்த்தால் அதில் ஐந்து புதிய எண்கள்! அத்தை மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கோச்சுக்காத. மாமாதான் அவுரு போன குடுத்து, சேத்துவுடுடான்னாரு."

செட்டிங்ஸைத் திறக்க வேறு பாஸ்வேர்டு வேண்டுமே? அது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்தது. வாங்கிய அன்றே, தொலைந்துவிடக் கூடாதென்று, அப்பா அதைப் படம் எடுத்து அதே குழுவில் போட்டிருக்கிறார். அதை மாற்றாமல் விட்டது, இத்தனை படித்த நான்.

பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பதரைக்குள் அந்தப் பாஸ்வேர்டை மாற்றி, ஐந்து எண்களையும் நீக்கினேன். விருந்தாளிகளுக்கென்று தனி இணைப்பு ஒன்றை, மாலை ஆறு மணிக்குமேல் மட்டும் வருகிற மாதிரி, திறந்துவிட்டேன். அதன் பாஸ்வேர்டை, அப்பா முந்திக்கொள்வதற்குள், நானே குழுவில் போட்டேன்.