ஞாயிற்றுக்கிழமைக் கடல்

குளச்சலில் திருவிதாங்கூர் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்கு அடையாளமாக ஒரு தூண் நிற்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பத்து நிமிடம் போதும். தூணைச் சுற்றி வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், அப்புறம் இனி என்ன செய்வது என்று கடலைப் பார்த்து நிற்பார்கள். அப்படி நிற்கிறவர்களை நம்பித்தான் நாகர்கோவில் ஞானதாசன் கயாக் என்கிற ஆறு துடுப்புப் படகும், ஏறி நின்று துடுப்புப் போடுகிற இரண்டு பேடில் போர்டு பலகையும் வாங்கிப் போட்டார். அவற்றைக் கடலில் இறக்குவதும், வந்தவர்களுக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதும், எல்லாரையும் முழுசாகக் கரையேற்றுவதும் ஜாஸிமின் வேலை.

ஜாஸிமுக்கு நாற்பத்தொரு வயது. பன்னிரண்டு வருடம் துபாய்க்கு அந்தப் பக்கம் புஜைராவில் ஒரு ஹோட்டல் கடற்கரையில் லைஃப் கார்டாக நின்றவன். அங்கே அவன் கையைத் தூக்கிக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் மோட்டார் படகு வந்துவிடும். சிவப்புக் கொடியை நட்டுவிட்டால் எந்த நாட்டு முதலாளியானாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மாட்டான். கொரோனா வந்தபோது ஹோட்டலைப் பூட்டினார்கள். ஊருக்கு வந்தவன் ஒரு வருடம் சும்மா இருந்தான். அவனுடைய வாப்பா கருவாட்டு வியாபாரி. அந்தத் தொழில் அவனுக்குப் பிடிபடவில்லை. ஞானதாசன் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றான். சேர்ந்த அன்றே கேட்டான், "சார், சேஃப்டி படகு உண்டுல்லா?"

"உண்டு மக்கா. எஞ்சினோட வருது," என்றார் ஞானதாசன். படகும் வந்தது, எஞ்சினும் வந்தது. மூன்றாவது வருடம் மார்கழியில் எஞ்சின் பழுதாகிப் பட்டறைக்குப் போனது. பொங்கல் முடிந்தும் திரும்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜாஸிம் கரைக்கு வந்தபோது தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. அலையே இல்லை. பார்க்கிறவன் குழந்தையைக்கூட இறக்கிவிடலாம் என்று நினைப்பான். ஆனால் அவன் முதுகில் காற்று பட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நுழைந்து தரையெல்லாம் தடவிக்கொண்டு கடலுக்குப் போகிற தைமாதக் காற்று. கரையிலிருந்து வெளியே அடிக்கிற காற்றில் கரையோரம் அலை எழும்பாது. நூறு மீட்டர் போனால்தான் அதன் குணம் தெரியும். அது யாரையும் கவிழ்க்காது. பைய உள்ளே கூட்டிக்கொண்டு போகும். இதை ஜாஸிம் அறிவான். ஞானதாசனுக்குப் போன் போட்டுச் சொல்லவும் செய்தான்.

"சார், இன்னைக்கு விடாண்டாம். காத்து வெளிய அடிக்கியு. படகும் இல்ல."

"கடல் எப்படிக் கெடக்கு?"

"கடல் சும்மாதான் கெடக்கு."

"பின்ன என்னடே? மொத மிதவையத் தாண்டி விடாத. ஞாயித்துக்கிழமை வாற ஆளத் திருப்பி விட்டா பின்ன யாரு வருவா?"

ஜாஸிம் போனை வைத்தான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்ட அந்த ஒரு நொடியைத்தான் அவன் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தான்.

பத்து மணிக்குச் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற பதினாலு பேர். பத்மநாபபுரம் அரண்மனைக்கும் திற்பரப்பு அருவிக்கும் போவதற்கு முன் கடலைப் பார்க்க இறங்கியவர்கள். அதில் இரண்டு பேர் நேராக ஜாஸிமிடம் வந்தார்கள். ஒருத்தி நாகம்மை, ஐம்பத்தைந்து வயது, சத்துணவு அமைப்பாளர்; பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். மற்றவள் செல்லத்தாய், அதே சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்கிறவள். இருபது வருடமாக ஒரே அடுப்புப் புகையைத் தின்றவர்கள்.

"தம்பி, நாங்க ரெண்டு பேரும் அதுல போகலாமா? கெழவிகளுக்கெல்லாம் குடுப்பீங்களா?" என்று நாகம்மை கேட்டாள்.

"டீச்சர், எனக்கு வேணாம். நான் கரையில நின்னு பாக்கேன்," என்றாள் செல்லத்தாய்.

"ஏ சும்மா வா. சாகுறதுக்குள்ள ஒரு தடவையாவது நாமளா ஓட்டிப் பாப்போம்."

ஜாஸிம் இருவருக்கும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்தான். "அக்கா, அந்த ஆரஞ்சு மிதவ தெரியுதா? அதுக்கு இங்கனயே நிக்கணும். நா விசில் அடிச்சா உடனே திரும்பணும். எந்திரிச்சு நிக்கப்பிடாது," என்றான். இரட்டை இருக்கைக் கயாக்கில் ஏற்றித் தள்ளிவிட்டான். இருவரும் சிரித்த சிரிப்பு கரையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. ஒருத்தி வலப்பக்கம் துடுப்புப் போட்டால் மற்றவளும் வலப்பக்கமே போட்டாள். படகு வட்டமடித்தது. வேனில் வந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஐந்து நிமிடம் கழிந்தது. மிதவையை அவர்கள் தாண்டுவதற்கு முன்பே ஜாஸிம் விசிலடித்துவிட்டான். அவர்கள் திரும்பத்தான் பார்த்தார்கள். படகின் தலை பாதி திரும்பும், காற்று அதைப் பிடித்து மறுபடி வெளியே தள்ளும். நாகம்மை கையை ஆட்டினாள். கரையில் நின்ற கூட்டத்தார் அவள் சந்தோஷத்தில் ஆட்டுகிறாள் என்று பதிலுக்குக் கையாட்டினார்கள்.

ஜாஸிம் பேடில் போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மண்டியிட்டுத் துடுப்பைப் போட்டான். காற்று பின்னால் இருந்ததால் போவது சுலபமாக இருந்தது. அந்தச் சுலபமே அவனைப் பயமுறுத்தியது. அரை கிலோமீட்டருக்கு மேல் போயிருப்பான். அவன் கண்முன்னே செல்லத்தாய் எழுந்து நிற்கப் பார்த்தாள். கயாக் புரண்டது.

அவன் போய்ச் சேர்ந்தபோது இருவரும் தண்ணீரில் மிதந்தார்கள். நாகம்மை கயாக்கைப் பிடித்திருந்தாள். செல்லத்தாய் உப்புத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஜாஸிம் கயாக்கை நிமிர்த்தி நாகம்மையை ஏற்றினான். அது மறுபக்கம் சரிந்தது. மறுபடி நிமிர்த்தினான், மறுபடி சரிந்தது. மூன்றாம் தடவைதான் தெரிந்தது, பின்னாலிருந்த அடைப்பு கழன்று உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தது. ஆளை ஏற்றவும் முடியாது, இறைக்கவும் முடியாது. கயிற்றைக் கட்டி போர்டில் இழுத்துப் பார்த்தான். ஐம்பது துடுப்புப் போட்டபிறகு தலையைத் தூக்கிப் பார்த்தால் கரை முன்னைவிடத் தள்ளிப் போயிருந்தது.

போர்டில் அவனோடு இன்னும் ஒரே ஒருத்தர்தான் படுக்கலாம்.

நாகம்மைக்கும் அது விளங்கிவிட்டது. "தம்பி, அவளைக் கொண்டு போங்க. அவளால முடியல. நான் பிடிச்சிருக்கேன்," என்றாள்.

"டீச்சர்..." என்று செல்லத்தாய் அழுதாள்.

"வாய மூடு. போ."

ஜாஸிம் அவள் கையை எடுத்துக் கயாக்கின் பிடிவாரில் சுற்றி வைத்தான். "அக்கா, எந்தக் காரணத்தக்கொண்டும் இத விடாதிங்க. பத்து நிமிஷம். இவுகள விட்டுட்டு நா திரும்பி வருவேன்."

"சரி தம்பி," என்றாள் நாகம்மை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள்போல.

திரும்புகிற வழியில்தான் காற்றின் பலம் முழுசாகத் தெரிந்தது. இரண்டு அடி போனால் ஒரு அடி பின்னால் தள்ளியது. செல்லத்தாய் போர்டில் குப்புறப் படுத்து அவன் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் அவனுடைய இடது தோளில் ஏதோ அறுந்ததுபோல இருந்தது. ஒரு கையால் துடுப்பை அணைத்து வலித்தான். அப்புறம் தண்ணீரில் இறங்கிக் காலால் உதைத்தான். பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தான். கரையில் கால் பட்டபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

செல்லத்தாயை யாரோ தூக்கினார்கள். ஜாஸிம் போர்டைத் திருப்பினான். இடுப்பளவு தண்ணீருக்குப் போனவன் அப்படியே முகம் குப்புற விழுந்தான். ஆட்கள் இழுத்துப் போட்டார்கள். மறுபடி எழுந்து போனான். துடுப்பைத் தூக்கக் கை வரவில்லை. "விடுங்கலே, நா போணும், சொல்லிட்டு வந்திருக்கேன்," என்று கத்தினான். கடலைப் பார்த்தான். வெயில் மினுங்கிய அந்தத் தண்ணீரில் கயாக்கைக் காணவில்லை.

வேறெந்த நாளாக இருந்தாலும் அந்த நேரத்தில் அங்கே இருபது முப்பது மீன்பிடி வள்ளமாவது நின்றிருக்கும். ஒரு துண்டை வீசிக் காட்டினால் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களுக்குப் பூசை நாள். ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. வெளியூர் ஆட்கள் கூட்டமாக வருகிற நாளில்தான் குளச்சல் கடலில் ஒரு மனிதன் இருக்க மாட்டான். மூன்று வருடமாக அங்கே நிற்கிற ஜாஸிமுக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

தூரத்தில் நடந்தது கரையில் நின்றவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது. யாரோ கடலோரக் காவலுக்குப் போன் செய்தார்கள். படகு வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். இன்னொருவர் கோயிலுக்கு ஓடினார். இரண்டாம் பூசை முடிந்து இறங்கிக்கொண்டிருந்த யேசுரத்தினம் என்ற வள்ளக்காரர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் ஐந்தாறு பேர். எஞ்சின் வீட்டில், எண்ணெய் இன்னொரு வீட்டில். தோளில் சுமந்து கொண்டுவந்து வள்ளத்தில் பூட்ட முக்கால் மணி நேரம் ஆனது. அவர்கள் ஒரு நொடி வீணாக்கவில்லை. இருந்தாலும் முக்கால் மணி நேரம் முக்கால் மணி நேரம்தான்.

ஜாஸிம் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்தான். "நானும் வாறேன். எங்க விட்டேன்னு எனக்குத்தான் தெரியும்."

"நீ விட்ட இடத்துல அவ இப்பம் இருப்பாளா?" என்றார் யேசுரத்தினம். குரலில் கோபம் இல்லை. "காத்து எங்க கொண்டுபோவும்னு எங்களுக்குத் தெரியும் மக்கா. உனக்க கையப் பாத்தியா? நீ ஏறினா எங்களுக்குப் பாரம். கரையில இரி."

கரையில் இருந்தான். அவன் மனைவி ரஸீனா செய்தி கேட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒராளக் கொண்டுவந்தீங்கல்லா," என்றாள். அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். சற்றுத் தள்ளி வேனின் நிழலில் செல்லத்தாய் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறவில்லை. "நான் சமையக்காரி. டீச்சரைல்ல கூட்டியாந்திருக்கணும்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர ஜாஸிமுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று, மூன்று ஆயிற்று.

நாலரைக்கு யேசுரத்தினத்திடமிருந்து போன் வந்தது. குளச்சலுக்குத் தென்மேற்கே ஏழெட்டு கடல் மைல் தள்ளி கயாக்கைக் கண்டுவிட்டார்கள். நாகம்மை உயிரோடு இருந்தாள். பிடிவாரில் இருந்து அவள் கையைப் பிரிக்க முடியாமல் வாரை அறுத்து எடுத்தார்களாம்.

கரையில் நின்றவர்கள் அழுதார்கள், ஆண்டவருக்கும் அல்லாவுக்கும் நன்றி சொன்னார்கள். ஜாஸிமை யாரோ கட்டிப்பிடித்தார்கள். அவன் மணலில் இருந்து எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போனான். இடது கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தான். நாகம்மையின் முகம் வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்தது. விரல்கள் வீங்கி மடங்காமல் கிடந்தன. கட்டிலுக்குக் கீழே தரையில் செல்லத்தாய் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்க தம்பி. கைக்கு என்னாச்சு?" என்றாள் நாகம்மை.

"அது ஒண்ணும் இல்லக்கா." அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா, நா வரல்ல," என்று மட்டும் சொன்னான்.

"பத்து நிமிஷம்னு சொன்னீங்கள்ல. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒண்ணுல இருந்து அறுநூறு வரைக்கும் எண்ணுவேன். நீங்க வரலைன்னா வேகமா எண்ணிட்டோம்போலன்னு நெனச்சு மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பேன். எத்தனை தடவைன்னு தெரியல. அந்த எண்ணிக்கை இல்லாட்டிக் கையை விட்டிருப்பேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தன்னால் அவளிடம் திரும்பிப் போக முடியாது என்று பாதி வழியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒருமுறைகூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் துடுப்புப் போட முடியாது என்று பயந்தான். அதைச் சொல்ல வாயெடுத்தான். செல்லத்தாய் ஒரு சுளையை எடுத்து நாகம்மையின் வாயில் ஊட்டினாள். அவன் "வாறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வராந்தாவில் வெகுநேரம் நின்றான்.

கவனக்குறைவால் உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதாக ஜாஸிம்மேல் போலீஸில் வழக்குப் போட்டார்கள். விசாரணையில் ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். படகு, எஞ்சின், பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் ஜாஸிம் என்று இருந்தது; கீழே அவனுடைய கையெழுத்து. சேர்ந்த புதிதில் ஞானதாசன் நீட்டிய ஏழெட்டு காகிதங்களில் ஒன்று. படிக்காமல் போட்டதுதான். ஞானதாசனுக்குப் போன் அடித்தால் மணி போகும், எடுக்க மாட்டார். நாகம்மை சாத்தூரிலிருந்து கடிதம் எழுதினாள், அந்தத் தம்பிமேல் எனக்குக் குறை இல்லை என்று. நல்ல கடிதம்தான், ஆனாலும் வழக்கு வழக்காகவே நடக்கும் என்றார் வக்கீல்.

கயாக்குகளைப் பூட்டி வைத்தார்கள். தோளுக்கு ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. ரஸீனா வீட்டில் தையல் மெஷின் போட்டு நைட்டி தைக்கிறாள். ஜாஸிம் துணியை மடித்துக் கொடுக்கிறான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கடற்கரைப் பக்கம் போனான். போக வேண்டும் என்று போகவில்லை, கால் அப்படித் திரும்பியது. திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் காற்றடைத்த ரப்பர் மெத்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. காற்று முதுகில் பட்டது.

"அண்ணே, அத எறக்காதிங்க. காத்து வெளிய அடிக்கியு. உள்ள கொண்டுபோயிரும்," என்றான் ஜாஸிம்.

அந்த மனிதர் கைலியும் பழைய பனியனும் போட்டு நின்றவனை மேலும் கீழும் பார்த்தார். கடலையும் பார்த்தார். "அலையே இல்லையேங்க," என்று சிரித்தார். பிள்ளைகள் அதற்குள் மெத்தையில் ஏறிவிட்டன.

"பிடிச்சுக்கிடுங்க, விடாதிங்க," என்று ஜாஸிம் கத்தினான். அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஜாஸிம் கைலியை மடித்துக் கட்டி முழங்காலளவு தண்ணீருக்குப் போனான். அதற்கு மேல் போய் அவன் என்ன செய்துவிட முடியும்? மெத்தையின் ஓரத்தைப் பிடித்திருந்த அந்த அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு, அவர்களுக்கு அலுத்துக் கரையேறும்வரை அங்கேயே நின்றான்.