காம்பியாவுக்கு ஆளெடுக்கப் போனேன்

ஞாயிறு, ஷார்ஜா

ரோலாவில் டாக்ஸி பிடித்தபோது இன்னும் விடியவில்லை. துபாய் விமான நிலையத்துக்கு ஐம்பத்தைந்து திர்ஹம். பஸ்ஸில் போனால் அதில் கால்வாசிதான் ஆகும். ஆனால் இது கம்பெனி செலவு. பதினேழு வருஷ வளைகுடா வாழ்க்கையில் கம்பெனி காசில் நான் டாக்ஸி ஏறியது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான் வேலை செய்வது காவலாளிகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில். கட்டட வாசல், கடை வாசல், பள்ளிக்கூட கேட் என்று எங்கெல்லாம் ஒருவன் நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் ஆள் அனுப்புவோம். நானும் நின்றவன்தான். கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு நகரத்து கேட்டில் ஐந்து வருஷம் நின்றேன். அப்புறம் துபாய் சத்வாவில், தையற்கடைகள் நிறைந்த ஒரு தெரு முனையில் நின்றேன். இப்போது சூப்பர்வைசர். மற்றவர்கள் நிற்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. நேபாளத்து ஆட்கள் சம்பளம் கூடக் கேட்கிறார்கள் என்று முதலாளி உலக வரைபடத்தில் வேறு இடம் தேடினார். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற நாட்டில் நல்ல உயரமான, ஆங்கிலம் பேசும் ஆட்கள் மலிவாகக் கிடைப்பார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

அறைத்தோழர் சிக்கந்தர் பாய் டாக்ஸி வரை வந்தார். கீழக்கரைக்காரர், எங்கள் ஆபீஸில் மேனேஜர்.

"முப்பது பேரு செல்வராசு. ஒருத்தன் கொறயப்படாது. வெள்ளிக்கிழம விசாவுக்குப் பேரு குடுக்கணும். முப்பதோட வந்தா அடுத்த மாசம் ஒன் லீவுல மொதலாளி கையெழுத்துப் போடுவாரு. இல்லாட்டி கலாஸ், அவ்வளவுதான்."

"படிச்சவன் வந்தா என்ன பாய் பண்றது?"

"எடுக்காத. அவன் காண்ட்ராக்ட வாசிச்சுப் பாப்பான்."

என் லீவு ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது தடவையும் தள்ளிப்போனால் வராமலே இருந்துவிடுங்கள் என்று என் மனைவி போனில் சொல்லியிருந்தாள். விளையாட்டாகச் சொன்னாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

திங்கள், பான்ஜூல்

காசாபிளாங்காவில் விமானம் மாறி, பான்ஜூலில் இறங்கியபோது ஒரு முழு நாள் கழிந்திருந்தது. காம்பியாவை வரைபடத்தில் தேடினால் கண்ணில் படாது. செனகல் என்ற பெரிய நாட்டின் வயிற்றுக்குள் ஒரு நதி ஓடுகிறது. அந்த நதியும் அதன் இரு கரையும்தான் நாடு. நீளம் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அகலம் பல இடங்களில் திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற தூரம்தான். மூன்று பக்கம் செனகல், ஒரு பக்கம் கடல். ஆங்கிலேயன் நதியில் கப்பலை நிறுத்தி, பீரங்கிக் குண்டு விழுந்த இடம் வரை தனது என்று கோடு போட்டான் என்று கதை சொல்கிறார்கள். உண்மையோ பொய்யோ, கோட்டைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

தலைநகர் பான்ஜூல் நதி கடலில் சேரும் இடத்தில் ஒரு தீவில் இருக்கிறது. நம் ஊர்த் தாலுகா ஆபீஸ் தெருவை நீட்டிவைத்த அளவுதான். ஜனங்கள் எல்லோரும் பக்கத்திலிருக்கும் செரகுண்டாவில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். மாண்டிங்கா, ஃபுலா, வோலோஃப், ஜோலா என்று பல இனங்கள். ஆனால் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்ள அங்கே பரம்பரை உரிமை உண்டு. "அவன் ஃபுலா, பசுமாட்டுக்குப் பொண்டாட்டிய வித்துடுவான்" என்று என் டிரைவர் எப்ரிமா ஒருவரைக் காட்டிச் சொல்ல, அந்த ஆளே விழுந்து விழுந்து சிரித்தார். நம் ஊரில் சாதியைச் சொல்லி இப்படிச் சிரித்துவிட்டு உயிரோடு வீடு போக முடியுமா என்று யோசித்தேன்.

கடைத்தெருவில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. மூட்டைமேல் இந்தியா என்று எழுதியிருந்தது. எல்லாம் நொய். நாம் கோழிக்குப் போடுவதை இவர்கள் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நதியை நடுவில் வைத்துக்கொண்டு அரிசி இறக்குமதி செய்கிற நாடு என்று மனசுக்குள் ஏளனமாகச் சொல்லிக்கொண்டேன். என் ஊரில் எத்தனை ஏரி தூர்ந்து கிடக்கிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

செவ்வாய், செரகுண்டா

ஏஜென்டின் ஆபீஸ் வாசலில் காலையிலேயே கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. உயரம் இருந்தவனிடம் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இருந்தவனுக்கு ஆங்கிலம் வரவில்லை. மூன்றும் இருந்தவனை டாக்டர் நெஞ்சில் கைவைத்து ஒதுக்கினார். சுவரில் கோடு போட்டு ஒவ்வொருவனையும் நிறுத்தி அளந்தேன். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போலத்தான் இருந்தது. பதினேழு வருஷத்துக்கு முன் சென்னையில் ஒரு மாடியறையில் என்னையும் இப்படித்தான் அளந்தார்கள். அன்றைக்கு அளந்தவன் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன், வரவில்லை.

சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது. ஒரு ஆள் குறைகிறது.

"சோமா பக்கத்துல ஒருத்தர் இருக்காரு. எல்லாம் சரியா இருக்கு, பாஸ்போர்ட் உட்பட. ஸ்கூல் வாத்தியார். கிளாசை விட்டுட்டு வரமாட்டேன்னுட்டாரு. நீங்க வேணா போய்ப் பாருங்க" என்றார் ஏஜென்ட்.

வாத்தியார் என்றதும் சிக்கந்தர் பாயின் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமையும் ஞாபகம் வந்தது.

புதன், சோமா

செரகுண்டாவிலிருந்து சோமா நூற்றெண்பது கிலோமீட்டர். தென்கரைச் சாலை நன்றாகவே இருக்கிறது. முதலில் சதுப்புநிலக் காடு, அப்புறம் பனைமரங்கள், அப்புறம் வறண்ட செம்மண். சஹாராவிலிருந்து வரும் தூசி வானத்தைப் பழுப்பாக்கியிருந்தது. வழியெல்லாம் நிலக்கடலை குவித்துக் கிடந்தது. எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நாட்டுக்கே பெரிய வெள்ளாமை அதுதான். அது போட்டவன் கடனில்லாமல் இருக்கிறானா என்று எப்ரிமாவிடம் கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க ஊர்லயும் மல்லாட்டை போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஊருக்குள் நுழைந்ததும் யாரையும் நேரே பார்க்கக் கூடாதாம். முதலில் ஊர்த்தலைவருக்கு வணக்கம் வைக்க வேண்டும். அவரை அல்காலோ என்கிறார்கள். வழியில் ஒரு கொட்டை பதினைந்து டலாசி என்று கோலாக் கொட்டை வாங்கி வந்திருந்தோம். நாம் வெற்றிலை பாக்கு வைப்பது போல அதை அவர் முன்னால் வைத்தோம். அல்காலோவுக்கு மேலே மாவட்டத் தலைவர், அவருக்கு மேலே கவர்னர், அவருக்கு மேலே ஜனாதிபதி. கொட்டையை எடுத்துக்கொண்டு, எதற்கு வந்தாய் என்று அல்காலோ கேட்டார். "வேலை கொடுக்க வந்தேன்" என்றேன். ஆளெடுக்க வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

லாமின் வாத்தியாருக்கு முப்பத்திரண்டு வயது. நெடுநெடுவென்று உயரம், வெளுத்த சட்டையில் கத்தி முனை மாதிரி இஸ்திரி மடிப்பு. வகுப்பு முடிகிறவரை என்னைக் காக்கவைத்தார். அப்புறம் அறையின் மூலையைக் காட்டி, தேர்தல் அங்கேதான் நடக்கும், நான்தான் அதிகாரி என்றார். அவர் சொன்ன முறையைக் கேட்டு நான் முதலில் நம்பவில்லை.

அங்கே வாக்குச்சீட்டு கிடையாது. ஆளுக்கொரு கோலிக்குண்டு கொடுப்பார்கள். மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு இரும்புப் பீப்பாய் இருக்கும், கட்சி நிறம் அடித்து, படம் ஒட்டி. பிடித்தவர் பீப்பாயில் கோலியைப் போட வேண்டும். உள்ளே ஒரு மணி இருக்கிறது. கோலி அதில் பட்டால் ஒரே ஒரு தடவை டிங் என்று கேட்கும். இரண்டாவது தடவை கேட்டால் கள்ள ஓட்டு. கோலி விழுந்து உருண்டு சத்தம் போடாமலிருக்க அடியில் மணல் போடுவார்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் சைக்கிள் மணி அடிக்கவும் தடை.

"இருபத்திரண்டு வருஷம் ஒருத்தர் ஆண்டாரு. ராணுவத்துல இருந்து வந்தவர். அவர எதிர்த்துப் பேசினவங்க காணாமப் போனாங்க. கடைசில இந்தக் கோலியாலதான் அவரை இறக்கினோம்" என்றார் லாமின்.

"அப்புறம்?"

"ஆட்சி மாறுச்சு. மாசக் கடைசி மாறல." சிரிக்காமல்தான் சொன்னார். "உங்க ஊர்ல எப்படி ஓட்டு?"

"மெஷின். பொத்தான அமுக்கினா பீப்னு ஒரு சத்தம். நான் கேட்டுப் பதினேழு வருஷமாச்சு. நேர்ல போனாத்தான் போட முடியும். தேர்தலுக்கெல்லாம் எவன் லீவு குடுப்பான்?"

"எங்களுக்கும் வெளிநாட்டுல இருந்தா ஓட்டு இன்னும் வரல. பேசிக்கிட்டே இருக்காங்க."

அவர் மாதச் சம்பளம் எங்கள் காவலாளி வாங்குவதில் கால் பங்கு. உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று சொன்னேன். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், ஒரு அறையில் எட்டுப் பேர், பாஸ்போர்ட் ஆபீஸில் இருக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு, அதுவும் தள்ளிப்போகும்.

"தெரியும். நீங்க ஏன் போனீங்க?" என்றார்.

நான் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தேன்.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. ஒரே பெரிய கிண்ணத்தில் சோறும் கடலைக் குழம்பும் மீனும். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்தில் சாப்பிட வேண்டும். கீழக்கரைக்காரர்களோடு சஹன் என்ற பெரிய தட்டில் ஒன்றாகச் சாப்பிட்டுப் பழகியதால் எனக்குக் கூச்சமில்லை. லாமினின் அம்மா மீனைப் பிய்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். மகனுக்கு வாழ்வு கொடுக்க வந்தவன் என்று அந்த அம்மாள் முகத்தில் எழுதியிருந்தது. தள்ளியதையெல்லாம் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

கை கழுவ வெளியே வந்தபோது லாமினின் மனைவி இசாத்து தண்ணீர் ஊற்றினாள். எட்டாவது வரை படித்த ஆங்கிலம்.

"வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "என்ன குறை வேணாலும் சொல்லுங்க. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"அவரோட தம்பி ஐரோப்பாவுக்குப் பின்வழியா போனான். பாலைவனம் தாண்டி, போட்டுல ஏறி. அப்புறம் போனே இல்ல. இது அப்படி இல்ல, பிளேன், காண்ட்ராக்ட்னு இவர் சொல்றார். அப்படி இல்லையா?"

"உயிருக்குப் பயமில்ல."

"நீங்க அங்க எத்தன வருஷம்?"

"பதினேழு."

"கல்யாணமாகி?"

"பதினஞ்சு."

"அந்தப் பதினஞ்சுல உங்க மனைவி கூட எத்தன வருஷம் இருந்தீங்க?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். வருஷக் கணக்கில் வரவில்லை, மாதக் கணக்கில்தான் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டாள். முகம் தெளிந்து, சொம்பிலிருந்த மீதித் தண்ணீரையும் என் கையில் ஊற்றினாள்.

படித்தவன் வேண்டாம் என்பது கம்பெனியே சொன்ன விதி. அதைச் சொல்லியே ஒதுக்கியிருக்கலாம், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. மரத்தடியில் நின்று சிக்கந்தர் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், ஒருத்தன் கொறயிது. இங்க இருக்கறது வாத்தியாரு."

"யா அல்லா, கொறஞ்சா மொதலாளி ஒன் லீவத்தாண்டா வெட்டுவாரு. வாத்தியாரோ வக்கீலோ, நிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பப் போடு. யல்லா."

என் மனைவியின் முகத்தை நினைத்தேன். இசாத்துவின் முகத்தை நினைக்காமலிருக்கப் பார்த்தேன். பிறகு லாமினைக் கூப்பிட்டு, காகிதத்தில் கையெழுத்து வாங்கினேன். காண்ட்ராக்ட் முழுவதையும் அவர் நிதானமாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

வியாழன், புறப்பாடு

தேர்வானவர்கள் விசா வரும்வரை செரகுண்டாவில் ஏஜென்டின் வீட்டில்தான் தங்க வேண்டும். பயிற்சிக்காக என்று சொல்வார்கள். உண்மையில் வீட்டுக்கு விட்டால் மனசு மாறிவிடுவான் என்ற பயம். அதனால் லாமின் காலையிலேயே எங்கள் வண்டியில் கிளம்பினார். வழியனுப்ப ஊரே முற்றத்தில் கூடிவிட்டது.

அல்காலோ முன்னால் வந்து லாமினிடம் இடது கையை நீட்டினார். எனக்குச் சுருக்கென்றது. நல்ல காரியத்துக்குப் போகிறவனுக்கு யாராவது பீச்சாங்கையைக் கொடுப்பார்களா? அடுத்து வந்தவரும் இடது கை. அதற்கடுத்தவரும்.

எப்ரிமா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தூரப் பயணம் போறவங்களுக்குத்தான் இடது கை. அது தப்பான கை. செஞ்ச தப்பைச் சரி பண்ண நாம மறுபடி பாத்தே ஆகணும் இல்லையா? அதுக்குத்தான்."

நான் கிளம்பிய அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் ஒழுங்காக வலது கையால்தான் வழியனுப்பினார்கள்.

அல்காலோ எனக்கும் இடது கையே கொடுத்தார். லாமினின் அம்மா என் இடது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஏதோ வேண்டிக்கொண்டார். மறுபடி வா என்று அர்த்தம் என்றார் எப்ரிமா.

இசாத்து கடைசியாக வந்தாள். தன் புருஷனின் இடது கையைப் பிடித்தாள். வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் விட்டாள். லாமின் ஏறி உட்கார்ந்து மறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் அவள் என்னிடம் வந்தாள். நான் அந்த ஊர் வழக்கப்படி இடது கையை நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து, வலது கையை நீட்டினாள்.