சோக்கா கீதா?

எட்டு வயதில் எனக்குப் பிடிக்காதவை நிறைய இருந்தன. பாலில் மிதக்கும் ஆடை, சுண்டைக்காய், எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, வானொலியில் செய்தி, பெரியவர்கள் பேசும் இடத்தில் சும்மா உட்கார வைக்கப்படுவது. இவற்றில் இன்றைக்கு மிச்சமிருப்பது பாலாடை ஒன்றுதான். மற்றவை எப்போது கட்சி மாறின என்று எனக்கே தெரியாது. கருவாட்டுக் குழம்பு கட்சி மாறிய கதை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதில் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். சொன்ன நேரத்தில் அது பொய் என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியேறினோம். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் எங்கள் வீட்டுக்குள் மீன் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி உண்டு, விருந்தாளி வந்தால் நாட்டுக்கோழி உண்டு. மீன் என்றால் அம்மா முகத்தைச் சுளிப்பாள். பக்கத்து வீட்டில் யாராவது கருவாடு வறுத்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். சாத்துகிற சத்தம் அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதில் கவனமாக இருப்பாள்.

அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். அவருக்கும் அங்கேயே வேலை. சாயங்காலம் வந்ததும் என்னை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்து மாமல்லபுரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவார். உளிச் சத்தம் கேட்கும் தெருவில் நிறுத்தி சேமியா ஐஸ் வாங்கித் தருவார். அது என் கவுனில் வழிந்தால் அம்மாவிடம் தன் மேல் பழியைப் போட்டுக்கொள்வார். அந்த வயதில் உலகத்திலேயே எனக்குப் பிடித்த ஆள் அவர்தான். அப்பாவுக்கு இரண்டாம் இடம்.

அந்தச் சித்தப்பா ஒரு நாள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றார். பெண் அவருடைய அலுவலகத்தில் டைப்பிஸ்ட், செய்யூர்ப் பக்கத்துக் கிராமம். அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் சவுக்கு வெட்டியும் அவளைப் படிக்க வைத்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. அப்பா படித்துவிட்டுச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொள்வார், யாருக்கும் காட்ட மாட்டார். சித்தப்பா சதுரங்கப்பட்டினத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனார். அவரோடு ஸ்கூட்டரும் போயிற்று. மூன்று மாதம் எங்கள் வீட்டில் அவர் பேச்சே எழவில்லை.

ஒரு நாள் அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

“வடக்க எங்கியோ மாத்தல் கேட்டு எழுதிக் குடுக்கப் போறானாமா. நாம ஒரு எட்டுப் போயிட்டு வந்தா, மனசு மாறி இங்கயே இருந்துக்குவான்.”

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, “போலாம். ஆனா அங்க நான் கை நனைக்க மாட்டேன்” என்றாள்.

சதுரங்கப்பட்டினத்தில் தண்ணீர்க் கஷ்டம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். என் கவலையெல்லாம் வடக்கு எவ்வளவு தூரம் என்பதிலேயே இருந்தது. ஸ்கூட்டரில் வந்துபோகிற தூரமில்லை என்று மட்டும் புரிந்தது.

அடுத்த ஞாயிறு நடந்தே போனோம். “எதைக் குடுத்தாலும் வயிறு சரியில்லீன்னு சொல்லோணும்” என்று வழியெல்லாம் அம்மா எனக்குப் பாடம் சொன்னாள். பழைய டச்சுக் கோட்டைக்குப் பின்னால் ஒரு தெருவில், ஒற்றை அறையும் சமையலறையுமாக வீடு. சித்தி கஞ்சி போட்ட சேலையில் வாசலுக்கே வந்து நின்றாள். “வாங்க அக்கா. உட்காருங்க அக்கா. பயணம் சிரமமாக இருந்ததா?” என்றாள். அரை மணி நடைக்குப் பயணம் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். தட்டச்சு செய்த கடிதம் மாதிரி, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பேசினாள். அம்மா அவளை “நீங்க, வாங்க” என்றே அழைத்தாள். மரியாதை பலமாக இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

சாப்பாடு தயாராக இருந்தது. சித்தப்பாவின் விருப்பம், சித்தியின் கைப்பக்குவம் இரண்டும் சேர்ந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் போட்டு. அம்மா உட்காராமலே, “இன்னைக்கு எனக்கு விரதமுங்க” என்றாள். அம்மாவுக்கு விரதம் சனிக்கிழமைதானே என்று நான் வாயெடுப்பதற்குள் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அப்பா, காலையிலேயே நிறையச் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லி, சித்தப்பா கடையில் வாங்கி வந்த கலர் சோடா பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சித்தி கரண்டியோடு அப்படியே நின்றாள். சித்தப்பா கழுவி வைத்த தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயாவது சாப்பிடறயா கண்ணு?” என்று என்னைக் கேட்டார். அவர் குரல் எப்போதும் போல இல்லை.

படித்த பாடமெல்லாம் மறந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். முதல் வாய் உள்ளே போனதும் என் கண்ணில் தண்ணீர் முட்டியது. உப்பு, புளிப்பு, காரம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வாசனை. கடற்கரையில் காயப்போட்ட வலையை வாயில் வைத்தது போல இருந்தது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. எப்படியோ விழுங்கினேன். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த சித்தி, காலையிலிருந்து காப்பாற்றி வந்த தட்டச்சுத் தமிழை அந்த நிமிஷத்தில் மறந்துபோனாள்.

“இன்னா கண்ணு, சோக்கா கீதா?”

இங்கே என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விருந்தாளிக்குப் பரிமாறும்போது அம்மா ஒருநாளும் நன்றாக இருக்கிறதா என்று கேட்க மாட்டாள். உப்புக் கம்மியா, காரம் சாஸ்தியா, சோறு குழைஞ்சு போச்சா என்று குறையைத்தான் கேட்பாள். சமைத்தவர்கள் கேட்பது அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். அதனால் சோக்கு என்பதும் ஏதோ ஒரு குறைதான், சோகை மாதிரி ஒன்று. பாவம், அவளே உண்மையைக் கேட்கிறாள். பொய் சொல்லக் கூடாது.

“ஆமாங்க சித்தி. ரொம்ப சோக்கா இருக்குதுங்க” என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். புரையேறும் வரை சிரித்தார். சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடியதை எடுத்ததும் என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். நன்றாக இல்லை என்று சொன்ன பிறகு எதற்கு ஊற்றுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை, இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது. அப்பா சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். “எனக்கும் ஒரு கரண்டி ஊத்து அம்மிணி” என்றார். அம்மா மட்டும் விரதத்திலேயே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு எங்கள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தால், சித்தப்பாவின் கையில் ஒரு தூக்குப் பாத்திரம். “உனக்குன்னே உங்க சித்தி குடுத்தனுப்பினா” என்றார். திறக்காமலே தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. அவர் உட்கார்ந்திருக்கும்போது நாலு வாய் சாப்பிட்டுக் காட்டுவேன். நன்றாக இல்லை என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் ஏன் என்னைத் தண்டிக்கிறார்கள் என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து வரும் ஒரு பெண் என் புதுப் பென்சில் பெட்டியைத் தடவிப் பார்த்து, “உன் டப்பா சோக்கா கீதுடி” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன குறை கண்டாய் என்று சண்டைக்குப் போனேன்.

“கொறையா? சோக்கா கீதுன்னா சூப்பரா கீதுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா உனுக்கு?”

உலகத்திலேயே மோசமான குழம்பைச் சூப்பர் என்று சொல்லியிருக்கிறேன். அதை நம்பித்தான் அன்றைக்குச் சித்தப்பா சிரித்தார், அதை நம்பித்தான் ஸ்கூட்டர் திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னால் அவர் வடக்கே போய்விடுவார். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கருவாடு. இரண்டு நாள் யோசித்துவிட்டு, தாங்க முடியாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அம்மா முதலில் சிரித்தாள். அந்த மூன்று நான்கு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு, “யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. அவ மனசு சங்கடப்படும். தூக்கை நான் பார்த்துக்கறேன்” என்றாள். அதுவரை சித்தியை ‘அந்தப் பொண்ணு’ என்று சொல்லிவந்த அம்மா ‘அவ’ என்று சொன்னதை நான் கவனித்தேன். மரியாதை குறைந்துவிட்டதே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

முதலில் அம்மா கொல்லைப்பக்கத்துப் பூனைக்கு வைத்தாள். பூனைக்கு அது ரொம்ப சோக்காக இருந்தது. ஒரு வாரம் பூனையைக் காணவில்லை. உணவைக் குப்பையில் கொட்ட அம்மாவுக்கு மனசு வராது. கத்திரிக்காயை மட்டும் எடுத்து எனக்கு ஊட்டிவிடலாம் என்று, காரம் எப்படி இருக்கிறது என்று விரல் நுனியில் தொட்டுப் பார்த்தாள். இந்தக் காரம் குழந்தைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் உப்புப் பார்த்தாள். அதற்கடுத்த வாரம் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்து உப்புப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும், சித்தப்பாவின் ஸ்கூட்டர் தெரு திரும்பி மறைந்ததும், பின்கட்டில் தட்டோடு உட்கார்ந்து உப்புப் பார்த்தாள். ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டாள். ஒருமுறை காலித் தூக்கில் எங்கள் மரத்து முருங்கைக்காய் இரண்டை நறுக்கி வைத்து அனுப்பினாள். அடுத்த வாரக் குழம்பில் முருங்கைக்காய் மிதந்தது.

சித்தப்பா மாற்றலுக்கு எழுதிக் கொடுக்கவே இல்லை. என் சாயங்கால ஸ்கூட்டர் சவாரி திரும்பக் கிடைத்தது. அம்மா இருக்கும் வரை எனக்குப் பயமில்லை என்று தைரியமாக வளர்ந்தேன்.

பதினைந்து வருஷம் கழித்து எனக்கு ஜிஎஸ்டி சாலையோரத்துக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. கூடுவாஞ்சேரியில் இரண்டு தோழிகளோடு அறை. ஒரு மழைநாளில் ரயிலை விட்டிறங்கி நனைந்துகொண்டு வீட்டு மாடிப்படி ஏறுகிறேன். கீழ்வீட்டில் யாரோ கருவாடு வறுத்தார்கள். மூக்கைப் பொத்தக் கையைத் தூக்கினேன். கை பாதியில் நின்றது. வாயில் எச்சில் ஊறிவிட்டது. பசி என்றால் அப்படியொரு பசி. எந்த நாக்கு அதைத் துப்பத் துடித்ததோ அதே நாக்குதான். எப்போது மாறியது என்று யாரும் எனக்குத் தகவல் தரவில்லை.

அந்த ஞாயிறே சதுரங்கப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். சித்தப்பா இப்போது அங்கேயே சொந்த வீடு கட்டியிருந்தார். முன்கூட்டியே போன் செய்திருந்ததால் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய், முருங்கைக்காய். மூன்றாம் முறை சோறு வாங்கியபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. தட்டை வைத்துவிட்டுச் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோகை மாதிரி ஏதோ குறை என்று நினைத்தது, பென்சில் பெட்டி, பூனை, எல்லாமே.

சித்தி அசரவில்லை. “எனுக்குத் தெரியாதா இன்னா? மொத வாய்க்கே உனுக்குக் கண்ணுல தண்ணி வந்துட்ச்சி. மூஞ்சி கோணிக்கினு போச்சு. அந்த மூஞ்சியோட சோக்கா கீதுன்ற.”

“அப்புறம் எதுக்குச் சித்தி வாராவாரம் குடுத்தனுப்பினீங்க?”

“உம் பேரச் சொல்லிக் குடுத்தேன். உனுக்கா குடுத்தேன்? மொதல்ல தூக்கு சோப்புப் போட்டுத் தேச்சிப் பளபளன்னு வரும். ஒரு வாரம் உள்ள முருங்கக்கா வந்துச்சு. அன்னிக்குத்தான் நான் நிம்மதியா சாப்ட்டேன்.”

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா எதுவும் காதில் விழாதவள் போல, “உப்பு ஒரு கல்லு கம்மி புள்ள” என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினாள். இத்தனை வருஷம் நான் சுமந்த பொய்யை யாரும் ஒரு நாள்கூட நம்பியிருக்கவில்லை. எனக்கு அப்படியொரு நிம்மதி. நானும் தட்டை நீட்டினேன்.

எட்டு வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. அம்மா எனக்காகத்தான் அந்தக் கண்றாவியைச் சகித்துக்கொண்டு தின்கிறாள் என்று நம்பினேன். ஒரு ஞாயிறு மனசு பொறுக்காமல் பின்கட்டுக்குப் போய், அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, “போதும்மா, எனக்காக நீ இத்தனை கஷ்டப்படாத” என்று சொன்னேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். வாய் நிறையச் சோறு இருந்தது. கை மணிக்கட்டு வரைக்கும் நனைந்திருந்தது.