தங்கச்சியின் தூக்கம்

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல், தங்கச்சி சீருடை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர் ஆனாள். அதுவரை ஆண்கள் கை மட்டுமே பட்டிருந்த பெரிய கத்தரிக்கோலை முதலாளியிடம் கேட்டு வாங்கினாள். ஆண் துணை இல்லாதவர்களுக்கு வாடகைக்கு விடமாட்டேன் என்ற வீட்டுக்காரரை, அவர் மகளுக்கு அளவு பிசகாமல் ஒரு கோட்டு வெட்டிக் கொடுத்தே மசிய வைத்தாள். வயிற்றுக்குள் பந்து மாதிரி வளர்ந்திருந்த கட்டியோடு ஒரு பள்ளிக்கூடத்துக்கே வேண்டிய சட்டைகளை வெட்டி முடித்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்தாள். கடைசியாக, பெண்கள் பலரும் தூக்கத்தைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிற வயதில் அதையும் ஜெயித்தாள்.

முதல் நான்கையும் அக்கா யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், வாய் வலிக்கச் சொல்லுவாள். ஐந்தாவதுக்கு வரும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். மற்றதிலெல்லாம் தங்கச்சியைப் பற்றி அவளுக்குப் பெருமை. தூக்கத்தில் பொறாமை.

அக்காவுக்கும் அதே பட்டறையில்தான் வேலை. தைத்து வரும் சட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தையல் விட்டிருக்கிறதா, நூல் தொங்குகிறதா, எங்காவது கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளவேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பியது கடவுள் கண்ணுக்கும் தப்பிவிடும் என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டே அறை. சமையல் மேடையில் உப்பு, சர்க்கரை, மிளகு என்று எல்லா டப்பாவிலும் அவள் கையால் எழுதி ஒட்டியிருக்கும். தங்கச்சியின் சாப்பாட்டு டப்பா மூடியில் தங்கச்சியின் பெயரைச் சிவப்பு நகப்பூச்சால் எழுதியிருந்தாள். அழிய அழிய அதன்மேலேயே திரும்ப எழுதுவாள்.

அந்தப் பெயரைத் தங்கச்சிக்கு வாசிக்கத் தெரியாது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் ஒருத்தி படிக்கவும் ஒருத்தி பார்த்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. அக்கா எட்டாவது வரை போனாள். தங்கச்சி போகவே இல்லை. எண்களைப் பட்டறையில் அளவு நாடாவைப் பிடித்துக் கற்றுக்கொண்டாள். இருபது வயதில் ஒருமுறை, எழுத்தும் சொல்லிக்கொடு என்று கேட்டாள். "நான் இருக்கறப்ப உனக்கு எதுக்குடி அதெல்லாம்?" என்றாள் அக்கா. அன்பாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு வாடகைப் பத்திரம், வங்கி, மருத்துவமனை எல்லாவற்றிலும் அக்காதான் கையெழுத்துப் போட்டாள். தங்கச்சியே வைத்தாக வேண்டிய இடங்களில் இடது பெருவிரல். அதற்காக அக்கா கைப்பையில் ஒரு சின்ன மை டப்பாவும் விரல் துடைக்க ஈரத்துணியும் எப்போதும் இருக்கும். மற்ற இடங்களில் வைத்திருக்கும் மை காய்ந்து போயிருக்குமாம்.

கட்டி எடுத்தபோது தங்கச்சிக்கு நாற்பத்தாறு. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். இரண்டே வாரத்தில் உடம்பு அடுப்பாகிவிட்டது. கழுத்திலிருந்து காது வரை திடீரென்று சுடும், ஜாக்கெட் நனையும், பிறகு வெடவெடவென்று குளிரும். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு. அவளுக்கும் அப்போதுதான் மாதவிடாய் நின்று அதே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரே மின்விசிறி, முழு வேகத்தில். காலையில் எழுந்ததும் "நேத்து உன் அடுப்பா, என் அடுப்பா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்த ஒரு வருஷம்போல அவர்கள் ஒற்றுமையாக இருந்ததே இல்லை.

ஒற்றுமையைக் கெடுத்தது கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர். எலும்பு தேய்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், இவ்வளவு சீக்கிரம் சினைப்பை இல்லாமல் போனதால் உடம்புக்கு வேண்டிய ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பது நல்லது என்று தங்கச்சியிடம் பொறுமையாக விளக்கினார். அமுக்கினால் ஜெல் வரும் பாட்டில். தினமும் காலையில் கையில் தடவிக் காயவிட வேண்டும். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்து, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்.

"எனக்கென்ன டாக்டர்? நான் இதெல்லாம் தாங்கிப்பேன். மருந்து தடவற அளவுக்கு ஒண்ணும் ஆயிடல."

சொன்னபோது அவள் முதுகில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதே தன்னைக் குறைத்துப் பேசியதுபோல அவளுக்குப் பட்டது. அந்தக் கோபத்தில், மருந்துச் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைக்கிற வேலையில் மும்முரமாகிவிட்டாள். டாக்டர் கடைசியாகச் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை.

மாதம் ஒன்று ஆகவில்லை, "ஃபேனக் கொஞ்சம் கொறைக்கலாமாக்கா? குளுருது," என்றாள் தங்கச்சி.

அக்காவுக்குச் சுருக்கென்றது. எழுந்து குறைத்தாள். குறைத்துவிட்டு வேர்த்தபடி படுத்துக் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் தங்கச்சி போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, மூச்சு சீராக வர, குழந்தை மாதிரி தூங்கினாள். அதன்பின் எல்லா நாளும் அப்படியே. எத்தனையோ இரவு அந்தத் தலையைத் தன் மடியில் வைத்துத் தூங்கப் பண்ணியவள்தான் அக்கா. இப்போது அந்த மூச்சுச் சத்தம் கேட்டாலே வயிறு எரிந்தது.

தங்கச்சி முகம் தெளிந்தது. நடையில் ஒரு துள்ளல் வந்தது. காலையில் ஜெல்லைத் தடவிக்கொண்டு ஏதோ பாட்டை முனகுவாள். அக்கா தட்டை நங்கென்று வைப்பாள். பட்டறையில் யாராவது "மாஸ்டருக்கு வயசு திரும்புதுடி" என்றால், "மருந்துல வந்த மினுக்கு எத்தன நாளைக்கு?" என்பாள். நான் எந்த மருந்தைத் தொட்டேன், என் உடம்பு அப்படிப்பட்டது என்று அன்றைக்குப் பூராவும் ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். சொல்லச் சொல்ல, டாக்டரிடம் போய் எனக்கும் கொடுங்கள் என்று கேட்கிற வழியைத் தானே அடைத்துக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் துணிக் கட்டுகளை இறக்க வந்த புது டிரைவர், நின்றபடி சட்டை பார்த்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்துவிட்டுத் தங்கச்சியிடம் சொன்னான்: "மாஸ்டர், உங்க அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போடக்கூடாதா? பாவம், வயசானவங்க."

பட்டறையே சிரித்தது. தங்கச்சியும் வெட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருவருக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். ஸ்டூல் வந்தது. அக்கா உட்காரவும் செய்தாள். ஆனால் அன்று பூராவும் தங்கச்சி முகத்தை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தங்கச்சி குளிக்கப் போனதும் அக்கா அலமாரியைத் திறந்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், அவளுக்கு ஒத்துக்கொண்டது எனக்கு ஒத்துக்கொள்ளாதா? ஒருமுறை அமுக்கினாள். கையில் சில்லென்று விழுந்தது. தடவி, காயும்வரை ஊதி, பாட்டிலை முன்பு இருந்த அதே கோணத்தில் திருப்பி வைத்தாள். அதுதான் தொடக்கம். ஒரு நாளும் விடவில்லை.

அவளுக்கும் தூக்கம் வந்தது. அப்படி ஒரு தூக்கம். விடிந்து எழுந்து, இரவு எங்கே போனது என்று அவள் வியந்திருக்கிறாள். "பாத்தியா, தாங்கினேன், தானா சரியாயிடுச்சு," என்று தங்கச்சியிடமே பெருமையடித்தாள். தங்கச்சிக்கும் அதில் சந்தோஷம்தான். மின்விசிறியை இருவரும் சேர்ந்து குறைத்தார்கள்.

பாட்டில்தான் நாளுக்கு முன்பே தீர்ந்துபோனது. இரண்டாவது தடவையும் அப்படியே ஆனதும் தங்கச்சிக்குக் கோபம் வந்து, மருந்துக்கடைக்காரரிடம் நியாயம் கேட்கக் கிளம்பினாள். அக்காவும் துணைக்குப் போனாள். அளவு குறைந்த பாட்டிலை ஏழைகள் தலையில் கட்டுகிறீர்களா என்று தங்கச்சியைவிட அக்காதான் அதிகம் சத்தம் போட்டாள். கடைக்காரர் மூடி உடையாத பாட்டிலை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, கம்பெனியில் வருவதை அப்படியே தருகிறேன் தாயே என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

சில மாதம் கழித்து அக்காவுக்கு ரத்தம் பட்டது. நின்றுபோய் இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. முதலில் பொட்டாக, பிறகு சரசரவென்று. யாரிடம் சொல்வது? சொன்னால் பாட்டிலையும் சொல்ல வேண்டும். பாட்டிலைச் சொல்லிவிட்டால் அவள் அப்புறம் என்ன அக்கா? துணியைத் தானே ஒளித்துத் துவைத்து, கருநீலப் புடவையாகப் பார்த்துக் கட்டி ஒப்பேற்றினாள்.

ஊரார் சட்டையில் கறை தேடுகிறவள், தான் எழுந்துபோன ஸ்டூலைத் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கச்சி பார்த்தாள். வெட்டிக்கொண்டிருந்த துணியில் ஒரு துண்டை எடுத்து, சும்மா போடுகிறவள்போல அதன்மேல் போட்டாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முதலாளியிடம் என்ன சொன்னாளோ, அடுத்த கால் மணியில் இருவரும் அதே டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் வரிசையாகக் கேட்டார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, எப்போது நின்றது, எப்போதிலிருந்து படுகிறது. கடைசியில், ஏதாவது ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்றார்.

"நானா? இல்ல டாக்டர். நான் எதையும் தொடறதில்ல."

தங்கச்சி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்கா பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"அப்ப அந்த மருந்துக்கடைக்காரர் நல்லவர்தானாக்கா?"

அக்காவுக்குத் தலை நிமிரவில்லை. அதுவே பதிலாகிவிட்டது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. அந்த ஜெல் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்க்கும் என்றும், தங்கச்சிக்குக் கர்ப்பப்பையே இல்லாததால் அது மட்டும் போதும் என்றும், கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு அந்தச் சவ்வைக் காக்க இன்னொரு ஹார்மோனும் சேர்த்தே தரவேண்டும் என்றும் சொன்னார். இப்போது சவ்வு தடித்திருக்கும், அதில் கெட்டது ஏதாவது இருக்கிறதா என்று கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பார்த்தாக வேண்டும். அன்றைக்கே செய்துவிடலாம், மயக்கம் கொடுப்பார்கள்.

வெளியே வந்ததும் தங்கச்சி வாயைத் திறந்தாள். "இத டாக்டர் அன்னிக்கே சொன்னாங்க. படிக்கத் தெரியாதவ, மறந்துடுவோமேன்னு ஒவ்வொரு வார்த்தையா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். நீ சீட்ட மடிச்சுக்கிட்டிருந்த."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன். கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து இங்க உக்கார வெச்சிருப்பேன். எத்தன நாளு நீ வேர்த்துக்கிட்டு படுத்திருந்தியோ, ஒரு வார்த்த சொன்னியா? நான் ஃபேனக் கொறைக்கச் சொல்லிட்டு மரம் மாதிரி தூங்கியிருக்கேன்."

திட்டியிருந்தால் தேவலாம்போல அக்காவுக்கு இருந்தது.

பச்சை அங்கியை மாட்டித் தள்ளுகட்டிலில் படுக்க வைத்தபிறகு நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள். நோயாளி கையெழுத்து ஆயிற்று, உறவினர் கையெழுத்து வேண்டும். வாழ்நாள் பூராவும் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டவள் அக்கா. இன்று படுத்திருப்பவளே அவள். பழக்கத்தில் தலையைத் தூக்கி, "குட்டி, என் பையில மை டப்பா இருக்கு, ஈரத்துணி சைடு ஜிப்புல," என்றாள்.

"வேணாக்கா," என்றாள் தங்கச்சி. நர்ஸிடம் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

கட்டிலின் விளிம்பில் தாளை வைத்து, துணியில் கோடு போடுவதுபோலக் குனிந்தாள். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. தூக்கம் சரியானதிலிருந்து மத்தியானத்தில் கண் சொருகுவதில்லையாம், சாப்பாட்டு நேரத்தில் சும்மா உட்காரப் பிடிக்காமல் பெயர் எழுதிய டப்பா மூடியை எதிரில் வைத்துக்கொண்டு கழிவுத் துணியில் மார்க்கிங் சாக்பீஸால் எழுதிப் பழகினாளாம். இதைப் பிறகுதான் சொன்னாள். அப்போது ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் போட்டாள்.

அக்கா ஒருக்களித்துப் பார்த்தாள். தன் கையெழுத்தேதான். எழுத்தின் காலை அதே மாதிரி கொஞ்சம் நீட்டி, கொம்பை அதே மாதிரி சுழித்து, நகப்பூச்சில் தான் எழுதிய அதே வளைவுகள். ஆனால் வெட்டுக்காரி கை. தன்னுடையதைவிடக் கோடு நேராக வந்திருந்தது. கட்டிலைத் தள்ளத் தொடங்கிய பிறகும், எப்படி இவளுக்கு இவ்வளவு அழகாக வந்தது என்றுதான் அக்காவின் மனம் புகைந்துகொண்டிருந்தது. மயக்க ஊசி ஏறும்வரை புகைந்தது.

சவ்வு தடித்திருந்தது, அவ்வளவுதான். கெட்டது எதுவும் இல்லை. மாத்திரையில் சரியாயிற்று. அதன்பிறகு அக்கா தானே டாக்டரிடம் வாயைத் திறந்து கேட்டு, பரிசோதனையெல்லாம் முடித்து, தனக்கென்று ஒரு பாட்டிலும் கூடவே அந்த இன்னொரு மாத்திரையும் வாங்கிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரரிடம் இருவரும் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் இவர்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். இப்போது அலமாரியில் இரண்டு பாட்டில்கள் நிற்கின்றன. ஒன்றின் சீட்டில் அக்கா தன் பெயரை எழுதியிருக்கிறாள். மற்றதில் தங்கச்சி.

அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொண்டுவந்த தாளில், கையெழுத்துக்குக் கீழே தேதி போட இன்னொரு கட்டம் இருந்தது. நர்ஸ் அதை நிரப்பக் கை நீட்டினாள். எண்கள் தங்கச்சிக்குப் பழக்கம். யாரையும் கேட்காமல் தானே எழுதினாள்: 22-8-2019.