வெயில் தாங்காத சம்சாரம்

கம்பெனி கேட்டிலிருந்து ஒரு மைல் தள்ளி வந்திருப்பேன். கையில் ஈரத் துண்டு, துண்டுக்குள் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடி பாட்டில். எனக்கென்று இருந்த மற்றதெல்லாம் தோளில் கிடந்த பைக்குள் அடங்கிவிட்டது. சித்திரை மாதம், பதினோரு மணி. தாயில்பட்டி ரோட்டில் தார் இளகி, போகாதே என்பதுபோல் செருப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது. வாட்ச்மேன் அண்ணாச்சியும் போகாதே என்றுதான் சொன்னார். என்ன, அவர் சொன்னது என்னிடம் இல்லை, பாட்டிலிடம்.

“தாயி, இவன்கூடப் போகாத. இங்கனயே இருந்துக்கோ. தண்ணி ஊத்த நான் இருக்கேன்.”

பாட்டிலில் இருந்தது இன்சுலின். பத்தொன்பது வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை, தினமும் ஊசி போட்டால்தான் ஆள் இருப்பான். அரசு ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு பாட்டில் கொடுப்பார்கள். அடுத்ததற்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. வெயில் பட்டால் கெட்டுப்போகும். கம்பெனி தங்கக் கொடுத்திருந்த அறைக்குத் தகரக் கூரை, அதற்குள் வடகம் காயப்போடலாம், மருந்து வைக்க முடியாது. வெயில்தான் ஆகாது, ஐஸ் ஆகுமே என்று போன கோடையில் ஒரு மீன்காரரின் ஐஸ் பெட்டியில் வைத்தேன். உறைந்து கெட்டுவிட்டது. அது தெரியாமல் அதையே போட்டுக்கொண்டு நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

இந்தக் கதையைக் கேட்ட அண்ணாச்சி, “சூடும் ஆகாது, குளிரும் ஆகாது, விட்டுட்டும் இருக்க முடியாது. ஏலே, இது மருந்தில்ல, சம்சாரம்” என்றார். அன்றிலிருந்து கம்பெனி முழுக்க அதற்கு அதே பேர்.

அண்ணாச்சிதான் அதற்கு ஒரு வீடும் கட்டினார். பெரிய பானையில் ஈர மணல், மணல் நடுவில் சின்னக் கலயம், கலயத்துக்குள் பாட்டில். கேட் ஓரத்து வேப்பமர நிழல் நகர நகரப் பானையையும் நகர்த்துவார். மத்தியானம் கஞ்சி குடிக்க நான் வெளியே வந்தால், “சம்சாரம் சௌக்கியமா இருக்கா, நீ போய்ச் சாப்பிடு” என்பார்.

அதே மரத்தில்தான் எங்கள் பைகளும் தொங்கும். பட்டாசுக் கம்பெனியில் யாரும் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. போன், தீப்பெட்டி, பீடி எல்லாம் கேட்டோடு நிற்கும். சட்டைப் பை காலியாக இருக்க வேண்டும். என் சுகர் பார்க்கிற மிஷினில் பேட்டரி இருந்ததால் அதுவும் மரத்தில் தொங்கியது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போடுவதற்கு மினுமினுப்புத் தாள் சுற்றிய மிட்டாய் நாலு வைத்திருந்தேன். அவையும் மரத்தில். பாட்டிலுக்கு வீடு கட்டிய எங்களில் ஒருவருக்கும் மிட்டாயைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

அன்று காலை ஊசி போட்டுக்கொண்டு இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன். மூன்றாவதுக்குச் சட்னி இல்லை. சட்னி இல்லாத இட்லியை மதிக்காததற்கான தண்டனை ஒன்பது மணிக்கு வந்தது. சரவெடி பின்னிக்கொண்டிருந்தபோது வேர்த்துக் கொட்டி, விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் ஆடத் தொடங்கின. மிட்டாய் இருந்ததோ முந்நூறு அடி தள்ளி. போர்மேன் பார்த்துவிட்டார். தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தார். அண்ணாச்சி சீனித் தண்ணீரோடு ஓடி வந்தார். ஓடி வந்த வேகத்தில் பாதி அவர் சட்டைக்குப் போனது, மீதி எனக்கு.

தெளிந்ததும் போர்மேன், “ஒரு வாரம் வீட்ல இருந்துட்டு வா” என்றார். நல்ல மனுஷர். அந்தத் தகர அறையை விட்டால் எனக்கு வீடு இல்லை என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தோன்றியது வேறு. சரவெடி பின்னுகிற அந்தச் சின்ன அறையில் என்னோடு மூன்று பேர் வேலை பார்த்தார்கள். சுற்றிலும் வெடி இருக்கிற இடத்தில் ஆடுகிற கையோடு நான் உட்காரக் கூடாது. வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேலையோடு அறையும் போயிற்று. பானை கேட்டிலேயே நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் பாட்டிலுக்கு ஒரு குளிர்ந்த இடம் பிடித்தாக வேண்டும். நான் எங்கே படுப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரோடு பிரிகிற விலக்கில் புளியமரத்தடியில் ஓர் அக்கா நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க இந்த வெயில்ல நடந்து போறீக? கையில என்ன, முட்டையா?”

“சம்சாரம்” என்றேன். விஷயத்தைச் சொன்னதும் குடத்தை எடுத்துத் துண்டு நனையத் தண்ணீர் ஊற்றினார்.

“சுகருக்கு ஆவாரம்பூ குடிக்க வேண்டியதுதான?”

“குடிச்சேன்க்கா.”

“பாகற்காய்?”

“அதுவும்.”

“வெந்தயம்?”

“எம்புட்டோ தின்னாச்சு.”

“மருந்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் சரியில்ல” என்று தீர்ப்புச் சொல்லி ஒரு காயைச் சீவி நீட்டினார்.

பதநீர் எனக்கு ஆகாது. இளம் நுங்கு கொஞ்சம் ஆகும். கட்டைவிரலைக் குழிக்குள் விட்டு நெம்பியதும் நீர் மூக்குத் துவாரத்துக்குள் பாய்ந்தது. தும்மிவிட்டு உறிஞ்சினேன். வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கியது. மூன்று கண் உள்ள காய். இரண்டோடு நிறுத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, பாவமாக இருந்தது. தாடையில் ஒழுகியது கழுத்தில் இறங்க, அங்கே காற்று வந்து பட்டது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் கண் இருட்டிக் கிடந்தவன் நான். அது ஞாபகத்தில் இல்லாமல் போகவில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு நுங்குதான் பெரிதாக இருந்தது.

“சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் சர்பத் கடை வச்சிருக்காரு. என் நுங்குல பாதி அங்கனதான் போகுது. ஆள் வேணும்னாரு, ஐஸும் இருக்கும். போய்ப் பாருங்க” என்றார் அக்கா. பஸ் வந்தது. நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

பாய் எலுமிச்சம்பழம் பிழிந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். படிப்பு என்ன என்றார். எட்டாவது பெயில் என்றேன். அதை விட்டு என் சர்க்கரைக்கு வந்தார்.

“பாலுக்குப் பூனை காவல்னு கேள்விப்பட்டிருக்கேன் தம்பி. பால் ஆகாத பூனையை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

மறைக்க மனமில்லை. “எப்பவாவது கை நடுங்கும் பாய். அதுக்காகத்தான் பட்டாசு வேலையை விட்டேன்.”

“இங்கன நடுங்குனா ஒரு கிளாஸ் உடையும். சீனிப்பாகு கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. ஒரு கரண்டி குடிச்சிட்டு, உடைஞ்சதைப் பெருக்கிருங்க.”

அப்படி நான் யோசித்ததே இல்லை. சர்க்கரைக்காரன் ஒதுங்கிப் போக வேண்டிய கடை என்றுதான் நினைத்திருந்தேன்.

பாட்டிலை வாங்கி நேராக ஐஸ் பெட்டியைத் திறந்தார். “ஐயோ, ஐஸ் வேண்டாம்!” என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ரொம்பச் சொகுசா வாழ்ந்தவ போல உங்க சம்சாரம்” என்றார். கொஞ்சம் யோசித்து, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த எலுமிச்சைக் கூடையின் ஈரச் சாக்கைத் தூக்கினார். கையை விட்டுப் பார்த்தேன். மார்கழி மாதத்துக் காலை மாதிரி இருந்தது. பாட்டிலை ஒரு டம்ளருக்குள் வைத்துப் பழங்களுக்கு நடுவில் அமர்த்தினோம். ஆனால் வழியிலேயே வெயில் அதைக் கெடுத்திருந்தால்? ராத்திரி ஊசி போட்டு, காலையில் மிஷினில் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

“முதல்ல அவ பிழைக்கட்டும். அப்புறம் வேலை பேசுவோம்” என்று ஒரு வெள்ளரிப் பிஞ்சைக் கையில் கொடுத்தார். கடை பெஞ்சில் படுத்துக்கொண்டேன். சரியாகத் தூங்கவில்லை. இரண்டு தடவை எழுந்து சாக்கை நனைத்தேன்.

காலையில் பாய் வந்ததும் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மிஷினுக்குக் கொடுத்தேன். அது எண்ணத் தொடங்கியது. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“பாஸா, பெயிலா?”

நம்பரை இரண்டு தடவை பார்த்தேன். “பாஸ், பாய்.”

“எட்டாவதுல போனது இங்கன கிடைச்சிருச்சு. வாங்க, ஐஸ் கரையுது.”

சாக்கில் சுற்றியிருந்த ஐஸ் பாளத்தைக் காட்டி மரச் சுத்தியலை நீட்டினார். ஓங்கி ஒரு அடி அடித்தேன். ஒரு சில்லு பறந்து என் காலருக்குள் விழுந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. கத்தவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் சட்டையை உதறிக்கொண்டு குதித்தேன்.

“ஆட்டமெல்லாம் அப்புறம். பத்து மணிக்குக் கூட்டம் வந்துரும்” என்றார் பாய். ஐஸ் இடுப்பில் கரைந்துகொண்டிருக்க, இரண்டாவது அடியை அடித்தேன்.